ராயபுரம் மொட்டைமாடியில் செராமிக் கரி அடுப்பு: இரண்டரை வருஷம் சமைத்த பிறகு

2023 ஆகஸ்டில் வாங்கினேன். முட்டை வடிவம், கனமான மூடி, கீழே காற்று நுழைய ஒரு வாசல், உச்சியில் அது வெளியேற ஒரு வாசல். வெளிநாட்டில் கமாடோ என்று சொல்கிறார்களே, அதுதான். 18 அங்குல வலை, எடை 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஸ்டாண்டோடு சேர்த்து எனக்கு 64,000 ரூபாய் ஆனது. ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்குகிற காசு இது. அதனால்தான் வாங்கிய மறுநாள் எழுதாமல், மூன்று மழைக்காலமும் இரண்டு மீன்பிடித் தடைக்காலமும் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நாளாவது ஏழெட்டுப் பேருக்குச் சமைக்கிற வீடாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் திறந்த வானம் இருக்க வேண்டும், நாலு மணி நேரம் அவசரப்படாமல் இருக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள், அருமையான அடுப்பு. நாலு துண்டு வஞ்சிரம் வறுக்கத்தான் என்றால் வேண்டாம். அதற்குத் தோசைக்கல்லே போதும், இந்த அடுப்பு அதைவிட நன்றாக வறுக்காது.

கமாடோ என்பது ஜப்பானில் அடுப்புக்கே பெயர். மூடி போட்ட உருண்டையான மண் அடுப்பு ஒன்று அங்கே இருந்தது, முஷிகமாடோ என்பார்கள், அதில் ஆக்கியது சோறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைக்காரர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோக, அங்கே அது கறி சுடுகிற அடுப்பாகிவிட்டது. 1974-இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் ஆரம்பித்த பிக் கிரீன் எக் கம்பெனிதான் இதில் பெயர்போனது. பழைய மண் அடுப்பு சூட்டில் விரிசல் விட்டதால் பிறகு செராமிக்குக்கு மாறினார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தந்தூரி அடுப்புக்கு மூடி போட்டு, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் நம் கையால் அளந்து விட்டால் எப்படி இருக்குமோ அதுதான். கனமான சுவர் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் தணலும் கொஞ்சம் காற்றும் போதும். காற்றோட்டம் குறைவு என்பதால் கறியில் இருக்கும் ஈரத்தை அது அடித்துக்கொண்டு போவதில்லை. திறந்த கரி அடுப்பில் சுட்ட கறிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மாடிக்கு ஏற்றுவது பெரிய வேலை. எங்கள் வீடு கல்மண்டபம் பக்கம், பழைய வீடு, இரண்டு மாடி, படிக்கட்டில் எதிரே ஓர் ஆள் வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டும். மச்சானும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். அப்படியே தூக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வலை, சூட்டுத் தகடு, மேல் வளையம், கரி போடும் கிண்ணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துவிட்டு, மூடியையும் கழற்றி, அடிப்பாகத்தைக் கோணியில் சுற்றிக் கயிறு கட்டித் தூக்கினோம். மூடியைக் கழற்றியதும் கீலில் இருக்கும் ஸ்பிரிங் சட்டென்று மேலே துள்ளும், அந்தப் பக்கம் முகத்தை வைக்கக் கூடாது. இதை விற்றவர் சொல்லவில்லை. மச்சானின் தாடைக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது, நினைத்தால் இன்னும் பதறுகிறது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்து, தரையில் சிமென்ட் பலகை போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னார்.

அடுத்தது கரி. இந்த அடுப்பில் பாதி ருசி கரியில்தான். ஆன்லைனில் அழகான பெட்டியில் விற்பதை இரண்டு தடவை வாங்கினேன், பிறகு நிறுத்திவிட்டேன். அழுத்திச் செய்த கட்டிக் கரியில் ஒட்டுவதற்கு ஏதாவது சேர்ப்பார்கள், சாம்பல் அதிகம் விழும், இந்த அடுப்பில் சாம்பல் சேர்ந்தால் கீழ் வாசலில் காற்று அடைத்துக்கொள்ளும். நமக்குப் பக்கத்திலேயே விறகும் கரியும் விற்கிற விறகு தொட்டி இருக்கும்போது எதற்கு அது? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி மூட்டையாகக் கிடைக்கிறது, அதையே வாங்குகிறேன்.

நல்ல கரியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். ‘கணீர்னு சத்தம் வரணும் தம்பி, அதுதான் வெந்த கரி. மொத்துனு கேட்டா உள்ள இன்னும் கட்டை இருக்கு, புகையும்’ என்றார். அன்றிலிருந்து தொட்டியில் நின்று தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். முஷ்டி அளவுத் துண்டுகள் அடியில், சின்னது மேலே. மூட்டையின் அடியில் கிடக்கும் தூளைப் போடாதீர்கள், ஓட்டையை அடைக்கும். கருவேலங்கரி பற்றும்போது பொறி பறக்கும், கொடியில் துணி காயும் நேரத்தில் ஆகாது. கொட்டாங்குச்சிக் கரியும் முயன்று பார்த்தேன், சீக்கிரம் பிடித்து நல்ல சூடு தருகிறது. ஆனால் மெல்லிய ஓடு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கிறது. இறால், கடம்பா (கணவாய்) மாதிரி பத்து நிமிஷ வேலைக்கு மேலே ஒரு கை தூவிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். செராமிக் அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை நாள் சுட்டாலும் மீனில் மண்ணெண்ணெய்தான் மணக்கும். நான் தேங்காய் நாரை உருட்டி, வறுத்து மிஞ்சிய எண்ணெயில் நனைத்து, கரிக்கு நடுவே இரண்டு இடத்தில் சொருகிப் பற்ற வைக்கிறேன். முதலில் பதினைந்து இருபது நிமிஷம் வெள்ளையாகக் கெட்டிப் புகை வரும், அது அடங்கி, தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக மாறிய பிறகுதான் கறி உள்ளே போக வேண்டும். வெள்ளைப் புகையில் வைத்த கறி கசக்கும்.

விசிறியையும் மறந்துவிட வேண்டும். எங்கள் அம்மா ஆரம்பத்தில் மூடியைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டே இருப்பார், வாழ்நாள் முழுக்கக் கரி அடுப்பையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பார்த்த கை அது. இங்கே தீயை ஆள்வது இரண்டு வாசல் மட்டும்தான். கீழ் வாசல் ஒரு விரல் திறப்பு, மேல் வாசல் நூல் அளவு என்றால் என் அடுப்பு 120 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். இரண்டையும் விரியத் திறந்தால் 350-க்கு மேல் போகும். ஒன்று நினைவில் இருக்கட்டும், ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். முதல் மாசம் கொடுவா சுட ஆசைப்பட்டு இரண்டு வாசலையும் திறந்து வைத்துவிட்டுக் கீழே மசாலா அரைக்கப் போனேன், வந்து பார்த்தால் முள் 330-இல் நிற்கிறது. எல்லாவற்றையும் மூடியும் 200-க்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சுவர் குடித்த சூடு அது, போகச் சொன்னால் போகாது. பசங்க பசியில் தூங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு 120 வேண்டுமென்றால் 90-லேயே வாசலைக் குறுக்கிவிடுகிறேன்.

மூடியில் இருக்கும் டெம்பரேச்சர் மீட்டரையும் உடனே நம்ப வேண்டாம். கழற்றி, அதன் ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள், 100 காட்ட வேண்டும். எனக்கு வந்தது 112 காட்டியது, பின்பக்கத் திருகைத் திருப்பிச் சரி செய்தேன்.

எங்கள் பகுதிக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு, எந்த விளக்கப் புத்தகத்திலும் இது இல்லை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். கீழ் வாசல் கிழக்கே பார்த்து இருந்தால் அந்தக் காற்று நேராக உள்ளே புகுந்து, நீங்கள் விரல் அளவு திறந்திருந்தாலும் துருத்தி ஊதுகிற மாதிரி தணலை எழுப்பிவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சூடு ஏன் ஏறுகிறதென்று தெரியவில்லை. இப்போது அடுப்பைத் திருப்பி வாசலை மேற்கே, தண்ணீர்த் தொட்டிச் சுவர்ப் பக்கமாக வைத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

கறியைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டில் தொடைதான் உசத்தி என்று எல்லோரும் கேட்பார்கள், இந்த அடுப்புக்கு முன்சப்பைதான். எலும்போடு முழுசாக, ஒன்றரை கிலோவுக்குள் வரும், வெட்டாமல் கொடுக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் ராத்திரி இஞ்சி பூண்டு, மிளகு, சோம்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் தயிர், நல்லெண்ணெய் போட்டுப் பிசறி வைத்துவிடுவேன். நேர் தணல் படக் கூடாது, நடுவில் சூட்டுத் தகடு வைத்து, அதன்மேல் தட்டில் தண்ணீர், அதற்கு மேல் வலை. 125 டிகிரி. முதல் இரண்டு மணி நேரம் திறந்த கறியாக இருக்கட்டும், புகை பிடிக்க வேண்டும். அப்புறம் வாட்டிய வாழை இலையில் இரண்டு சுற்றுச் சுற்றி இன்னும் இரண்டரை மணி நேரம். நம்ம வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, இலை இல்லாமல் முழு நேரமும் விட்டால் மேலெல்லாம் வறட்டி மாதிரி ஆகிவிடும். நாலரை மணி நேரம் கழித்துப் பிரித்தால் சப்பை எலும்பு கையோடு வழுக்கிக்கொண்டு வரும், கறி நார் நாராகப் பிரியும், இலையின் அடியில் தேங்கி நிற்கும் சாறு இருக்கிறதே, அதை ஒரு சொட்டு விடாமல் சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். எங்கள் ஆயாவுக்கு 81 வயது, பல் இல்லை, ஆட்டுக்கறியை விட்டு ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 64,000 ரூபாயைப் பற்றி அதற்கப்புறம் வீட்டில் பேச்சு எழவில்லை.

இந்த நாலரை மணி நேரத்துக்குச் செலவான கரி இரண்டு கிலோவுக்கும் குறைவு. முடிந்ததும் இரண்டு வாசலையும் மூடிவிட்டால் தணல் மூச்சடைத்து அணைந்துவிடும், மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். வேறெந்தக் கரி அடுப்பிலும் எனக்கு இந்தச் சிக்கனம் கிடைத்ததில்லை.

மீனுக்கு வருகிறேன். காசிமேடு நடக்கிற தூரத்தில் இருக்கும்போது இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஞாயிறு விடியற்காலை போனால் கூட்டம் தாங்காது, நான் சனிக்கிழமையே போய்விடுவேன். கொடுவா ஒன்றேகால் கிலோ அளவில், கண் பளபளவென்று, செவுள் ரத்தச் சிவப்பாக இருப்பதை எடுத்து, குடலும் செவுளும் மட்டும் எடுத்துவிட்டு செதிலை விட்டுவிடச் சொல்வேன். மீன் வெட்டுகிற அக்கா முதல் தடவை அரிவாள்மணையில் இருந்து நிமிர்ந்து, ‘இன்னா தம்பி, செதிலோட எப்படித் துன்னுவீங்க?’ என்று கேட்டார். வயிற்றுக்குள் பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு துண்டு எலுமிச்சை திணித்து, வெளியே கல்லுப்பை அப்பி, 200 டிகிரியில் நேர் தணலில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். செதில் கவசம் மாதிரி நின்று வலையில் ஒட்டாமல் காப்பாற்றும். வெந்ததும் தோலும் செதிலும் உப்பும் ஒரே தகடாக உரிந்து வந்துவிடும், உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. புளியும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வைத்து அரைத்த துவையல் ஒன்று தொட்டுக்கொள்ளப் போதும். அந்த அக்காவுக்கு ஒரு நாள் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன், இப்போது நான் கேட்காமலேயே செதிலை விட்டுவிடுகிறார்.

சங்கராவுக்குச் செதில் எடுத்து, கீறி, மசாலா தடவித்தான் சுடுகிறேன், வலையை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் தடவினால்தான் ஒட்டாது. கடம்பா, பெரிய இறால் இரண்டும் 300-க்கு மேல் சூட்டில் இரண்டு மூன்று நிமிஷம், அதைத் தாண்டினால் ரப்பர். நெத்திலி, கிழங்கான், மத்தி எல்லாம் இதில் வேண்டாம், வலையில் விழுந்து வீணாகும். வஞ்சிரத் துண்டும் இதில் உலர்ந்துதான் போகிறது, என்ன செய்தும் எனக்கு அது சரியாக வரவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நல்ல பெரிய மீன் அரிதாகி விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாசமும் முழுக்கோழிதான் செய்கிறேன், 180 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம், தோலோடு. கடைசியில் சூடு இறங்கும்போது வலையில் கத்திரிக்காயும் தக்காளியும் வைத்துவிட்டால் தோல் கருகி உள்ளே குழைந்திருக்கும், மறுநாள் காலை இட்லிக்குக் கொத்சு அதில்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படியே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் இருந்த கறி, கோழி, மீன் உருக ஆரம்பித்துவிட்டது. மாடியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட்டு, முட்டி அளவுத் தண்ணீரில் தூக்கு எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். மழையின்போது அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுத்து வைத்துச் சமைக்கலாமே என்று ஒருவர் சொன்னார், நான் கண்டிப்பாக முடியாது என்றேன். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாடையே தெரியாமல் ஆளைக் கொல்லும். அணைந்த மாதிரி தெரிகிற தணலுக்கும் இதேதான். தயவுசெய்து யாரும் இதை அறைக்குள் வைக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து மூடியில் இருக்கிறது. வாசலைக் குறுக்கி வைத்திருக்கும்போது உள்ளே காற்று பத்தாமல் தணல் ஏங்கிக்கொண்டிருக்கும், மூடியைப் பட்டென்று திறந்தால் ஒரே மூச்சில் காற்றை இழுத்துச் சுவாலை வெளியே பாயும். என் வலது கை ரோமமும் ஒரு பக்கப் புருவமும் அப்படித்தான் போனது. முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி நிறுத்தி, அப்புறம் முழுசாகத் திறக்க வேண்டும். பிள்ளைகளை அடுப்பின் முன்பக்கம் நிற்க விடாதீர்கள்.

குறைகள். கடல் ஓரத்து உப்புக்காற்றில் இரும்பு பாகம் எல்லாம் துரு பிடிக்கிறது. உச்சியில் இருக்கும் வார்ப்பிரும்பு வாசல் ஆறு மாசத்தில் சிவந்துவிட்டது, இப்போது மாசம் ஒரு முறை தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். மூடியை இறுக்கும் பட்டையின் நட்டு சூட்டில் தளரும், பார்க்காமல் விட்டால் மூடி பட்டையில் இருந்து நழுவி விழுந்து உடையும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை ஒரு வருஷத்தில் கருகி உரிந்தது, புதிது வாங்கி நானே ஒட்டினேன்.

பெரிய வருத்தம், கரி போடும் கிண்ணத்தில் விழுந்த விரிசல். 2024 மழைக்காலத்தில் உறை நனைந்து, செராமிக் ஈரம் குடித்திருந்தது, அது தெரியாமல் நான் நேராகப் பெரிய தீ வைத்துவிட்டேன். மழைக்குப் பிறகு முதல் தீ சின்னதாக, 100 டிகிரியில் ஒரு மணி நேரம் எரிந்து உலர வேண்டும், இது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்ற கடையில் வாங்கும்போது உதிரி பாகம் எப்போதும் கிடைக்கும் என்று சொன்னவர்கள், போன் செய்தால் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஐந்து மாசம் இழுத்தார்கள். கடைசியில் வந்த கிண்ணம் வேறு அளவு. விரிசல் விட்ட பழைய கிண்ணத்திலேயே, கம்பி சுற்றி, இன்றுவரை சமைக்கிறேன், சூட்டில் குறைவொன்றும் இல்லை. என்றாலும் இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், கரிக் கிண்ணம், மேல் வளையம், சூட்டுத் தகடு, கம்பளிப் பட்டை, இந்த நாலும் கடையில் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லி, உங்கள் அடுப்பிலேயே வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். காட்ட முடியாது என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.